பாடாங் பெசார்: ஒரே கூரையின் கீழ் இரண்டு எல்லைகள்

தோளில் பையைச் சுமந்து, நண்பர்களோடு சிக்கனமாகத் தென்கிழக்காசியாவைச் சுற்றிவர விரும்பும் இளைஞர்களுக்கு, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு இரயிலில் செல்லும் வழிகளுள் மிக எளியது, மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்திலுள்ள பாடாங் பெசார் நிலையத்தின் வழியாகத் தாய்லாந்துக்குள் நுழைவதாகும். கடவுச்சீட்டைச் சரிபார்த்துப் பயணியை உள்ளே விடும் அல்லது வெளியே அனுப்பும் குடிநுழைவு அதிகாரிகள், இரு நாட்டினரும் இந்த ஒரே நிலையத்தில் பணியாற்றுவதால், மற்ற பல எல்லைகளில் நேர்வதைப் போல ஒரு நாட்டின் சாவடியிலிருந்து மறு நாட்டின் சாவடிக்கு வாகனம் தேடி அலைய வேண்டிய தேவை இங்கு இல்லை.

இந்த எல்லை பழமையானதன்று. 1909-இல் பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தபோதுதான் கோடு ஏறத்தாழ இன்றைய இடத்தில் விழுந்தது. 1918-இல் இரு நாடுகளின் இருப்புப்பாதைகளும் இங்கே இணைந்தன. மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைத்ததிலும் பராமரித்ததிலும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைத் தமிழ்ப் பயணிகள் அறிந்திருப்பது நல்லது.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இரு நாடுகளிலும் 1,000 மில்லிமீட்டர், அதாவது மீட்டர் கேஜ் ஆகும். சீன - மங்கோலிய எல்லையிலோ, சீனாவின் 1,435 மில்லிமீட்டர் பாதை முடிந்து 1,520 மில்லிமீட்டர் பாதை தொடங்குவதால், எல்லையைக் கடக்கும் பயணிகள் இரயிலின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சக்கரத் தொகுதிகளை மாற்றவேண்டியிருக்கிறது. அதற்கு மணிக்கணக்கில் ஆகிறது. பாடாங் பெசாரில் அத்தகைய தடை இல்லாதபோதும், மலேசியாவின் மின்மயப் பாதை அங்கேயே முடிந்துவிடுவதால், கோலாலம்பூரிலிருந்து வரும் மின்சார இரயில் மேலே செல்ல இயலாது. பயணிகள் இறங்கித் தாய்லாந்தின் டீசல் இரயிலுக்கு மாறவேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக் வரை மாறாமல் செல்ல உதவிய இரயிலும் 2016-இல் பாடாங் பெசாரோடு நிறுத்தப்பட்டது. பாதை இருந்தும் இரயில் இல்லாமற்போன இந்த இழப்பை இரு அரசுகளும் சரிசெய்ய வேண்டும்.

நடைமுறை சிக்கலானதன்று. முதலில் மலேசியாவிலிருந்து வெளியேறும் பதிவு, பின்னர் தாய்லாந்தின் நுழைவு முத்திரை, அதன்பின் பொருள்களைச் சோதிக்கும் சுங்கம் என்று வரிசை நகர்கிறது. 2025 மே மாதம் முதல் தாய்லாந்துக்குச் செல்லும் வெளிநாட்டவர் தம் விவரங்களை இணையத்தில் முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவருள் பெரும்பாலோருக்கும் 2024 முதல் இத்தகைய பதிவு உண்டு. பலரை இடறச் செய்வது கடிகாரம்தான். 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி முன்னே இருப்பதால், தாய்லாந்து இரயிலுக்கு மாலை 5 மணி எனக் குறிக்கப்பட்டிருந்தால் மலேசியக் கைக்கடிகாரத்தில் அது 6 மணி. வடக்கே செல்பவருக்கு இதனால் ஒரு மணி மிச்சமாகிறது; தெற்கே திரும்புபவர் இதை மறந்தால் மலேசிய இரயிலைத் தவறவிடுவார்.

குழுவாகச் செல்பவர்கள் ஊன்றி அறிய வேண்டியது, எல்லையில் சட்டத்தின் கண்ணுக்குக் குழு என்று ஒன்று இல்லை என்பதே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நாட்டுக் குடிமக்களான தமிழ் நண்பர்கள் ஒரே வரிசையில் நின்றாலும், விசா விதியும் தங்க அனுமதிக்கப்படும் நாள்களும் ஒவ்வொருவருக்கும் வேறுபடலாம். ஆகவே முத்திரையில் குறிக்கப்பட்ட கடைசித் தேதியை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கடந்து தங்கினால் தாய்லாந்தில் நாளொன்றுக்கு 500 பாட், உச்சமாக 20,000 பாட் அபராதம் உண்டு. பைகளைப் பொறுத்தவரை இன்னும் கடுமையான கவனம் தேவை. 2022-இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதை நம்பி அதில் சிறிதளவேனும் மலேசியாவுக்குள் கொண்டுவருவது கொடுங்குற்றம். மின்சிகரெட்டைத் தாய்லாந்துக்குள் கொண்டுசெல்வதோ அங்கே தடைசெய்யப்பட்டது. நட்பு எவ்வளவு நெருக்கமானதாயினும், சோதனை முடியும்வரை அவரவர் பையை அவரவரே கட்டி, அவரவரே சுமந்து செல்லுங்கள்.