ஹர்லிங் வீரர் கிறிஸ்டி ரிங்

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் ஈட்டிய பொருள் எவ்வளவு என்று வினவுவது இக்கால வழக்கமாகிவிட்டது. அவ்வினாவுக்கு விடையே இல்லாத ஒரு வீரரின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் தம் மாவட்டத்துக்காக ஆடினார்; எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடிய அரங்குகளில் ஆடினார்; ஆட்டத்துக்கென்று ஒரு காசும் ஊதியமாகப் பெற்றாரல்லர். எண்ணெய் ஏற்றிய லாரியை ஓட்டியே அவர் வாழ்க்கை நடத்தினார். ஆயினும் 1979ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அந்நாட்டுப் பிரதமரே கல்லறையருகே நின்று இரங்கலுரை ஆற்றினார். அவர்தாம் அயர்லாந்தின் கிறிஸ்டி ரிங். அவர் ஆடிய ஆட்டத்துக்கு ஹர்லிங் என்று பெயர்.

கிரிக்கெட், டென்னிஸ் ஆகிய சொற்களைப் போலவே ஹர்லிங் என்பதையும் நாம் மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. பொருளை விளக்கினால் போதும். நம் நாட்டார் நன்கறிந்த ஹாக்கியைப் போன்று இதுவும் வளைந்த மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. ஆனால் ஒப்புமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் ஓடும். ஹர்லிங்கில் பந்து பெரும்பாலும் வானில் பறக்கும். ஆட்டக்காரர் பந்தைக் கையால் பற்றலாம். பற்றிய பின் நான்கடிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஓடுதல் கூடாது. அதற்கு மேல் ஓட விரும்பினால், மட்டையின் அகன்ற நுனியில் பந்தை நிறுத்தி, அது விழாதபடி சமன் செய்துகொண்டே ஓடவேண்டும். கரண்டியில் எலுமிச்சங்கனி ஏந்தி ஓடும் சிறுவர் பந்தயத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே எதிரிகள் மட்டைகளோடு துரத்தி வருவர். மட்டை ஆஷ் என்னும் மரத்தால் ஆனது. பந்தின் உள்ளே தக்கை, மேலே தோல். நன்றாக அடிக்கப்பட்ட பந்து மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும். இக்காலத்தில் தலைக்கவசம் கட்டாயம். கிறிஸ்டி ரிங்கின் காலத்திலோ ஆட்டக்காரர்கள் வெறுந்தலையோடு, அல்லது ஒரு துணித்தொப்பியோடு ஆடினர்.

அணிக்குப் பதினைந்து பேர். கம்பங்கள் ஆங்கில எழுத்தான எச் வடிவில் நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து புகுந்தால் கோல். அதற்கு மூன்று புள்ளி. சட்டத்துக்கு மேலே கம்பங்களுக்கு இடையே சென்றால் ஒரு புள்ளி. ஆகையால் முடிவுகளை இரண்டு எண்களால் கூறுவது வழக்கம். இரண்டு கோலும் பதினான்கு புள்ளியும் என்றால் மொத்தம் இருபது என்று கொள்க.

அயர்லாந்தின் பழங்கதைகளிலேயே இவ்வாட்டம் பேசப்படுகின்றது. அதன் காவியத் தலைவனான கூக்குலின், சிறுவனாக இருந்தபோது மட்டையும் பந்தும் கொண்டே ஒரு கொடிய வேட்டைநாயை வீழ்த்தினான் என்பது கதை. அயல் ஆட்சியின் கீழ் நாட்டு விளையாட்டுகள் நலிந்துவரக் கண்டு, மைக்கேல் குசாக் முதலியோர் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தர்ல்ஸ் என்னும் ஊரிற் கூடி ஒரு சங்கம் நிறுவினர். கேலிக் தடகளச் சங்கம் என்பது அதன் பெயர். அச்சங்கம் விதிகளை வகுத்தது. ஊருக்கு ஊர் கழகம் கண்டது. மாவட்டங்களுக்கிடையே அகில அயர்லாந்துப் போட்டியைத் தொடங்கியது. வீரர் எவரும் தாம் வாழும் ஊரின் கழகத்துக்கு ஆடுவர். அவருள் சிறந்தவர் மாவட்டத்துக்கு ஆடுவர். ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. இவ்வடிப்படை இன்றளவும் மாறவில்லை. ஆசிரியரும் உழவரும் தச்சரும் வாரநாட்களில் தத்தம் தொழிலைச் செய்து, ஞாயிற்றுக்கிழமை பெரும் கூட்டத்தின் முன் வீரராக நிற்பர். திங்கட்கிழமை மீண்டும் தொழிலுக்குத் திரும்புவர்.

வானொலிக்கும் ஹர்லிங்குக்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் இங்கே கூறிவிடுதல் தகும். 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டப்ளின் வானொலி நிலையம் ஒரு ஹர்லிங் அரையிறுதி ஆட்டத்தை, அது நடந்துகொண்டிருக்கும்போதே வருணனையாக ஒலிபரப்பியது. மைதான விளையாட்டு ஒன்றை ஐரோப்பாவில் இவ்வாறு ஒலிபரப்பியது இதுவே முதல் முறை என்பர். பின்னாட்களில் சிற்றூர்களில் வானொலிப் பெட்டி உள்ள வீட்டின் சன்னலண்டை அயலார் கூடிநின்று ஆட்டம் கேட்பது வழக்கமாயிற்று. கிறிஸ்டி ரிங்கின் பெயரைப் பலர் கண்ணால் அறியுமுன் காதால் அறிந்தது இவ்வாறுதான்.

அவர் பிறந்தது 1920ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், கார்க் மாவட்டத்தின் கிழக்கே உள்ள குளோயின் என்னும் சிற்றூரின் அருகில். தத்துவம் பயின்றோர் அவ்வூர்ப் பெயரை முன்பே அறிந்திருப்பர். 1734ஆம் ஆண்டு முதல் அங்கே பிஷப்பாக இருந்தவர் ஜார்ஜ் பெர்க்கிலி. காணப்படுவதே உள்ளது என்று வாதித்த அத்தத்துவ ஞானியின் ஊரில், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், காண்போர் தம் கண்ணையே நம்பத் தயங்கும்படி ஆடிய ஒருவர் தோன்றினார்.

1938ஆம் ஆண்டில் கார்க்கின் இளைஞர் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்ற ரிங், அடுத்த ஆண்டிலேயே மூத்தோர் அணியிற் சேர்ந்தார். 1941இல் கார்க் நகரத்துக் கிளென் ரோவர்ஸ் கழகத்துக்கு மாறினார். அங்கே அவருக்குத் தோழராக வாய்த்தவர் ஜாக் லிஞ்ச் என்னும் மற்றொரு சிறந்த வீரர். இருவரும் இருந்த கார்க் அணி 1941, 1942, 1943, 1944 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தொடர்ந்து அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. அதற்குமுன் எந்த மாவட்டமும் ஹர்லிங்கில் அவ்வாறு வென்றதில்லை.

அவை உலகப்போர்க் காலத்து ஆண்டுகள். அயர்லாந்து போரில் சேரவில்லையாயினும் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். 1944ஆம் ஆண்டு மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தைக் காண மக்கள் சைக்கிளேறி நெடுந்தொலைவிலிருந்து தர்ல்ஸ் நகரை அடைந்தனர். சைக்கிள் இறுதியாட்டம் என்றே அது பெயர் பெற்றது. கார்க்கும் லிமெரிக்கும் சமநிலையில் முடிக்க, ஆட்டம் மறுபடியும் நடந்தது. அதன் கடைசி நேரத்தில் ரிங் பந்தோடு நெடுந்தூரம் ஓடி அடித்த கோலே வெற்றியைத் தந்தது.

1946ஆம் ஆண்டில் அவர் அணித்தலைவரானார். கில்கென்னி மாவட்டத்தோடு நடந்த இறுதியாட்டத்தில், இடைவேளைக்குச் சற்று முன், பந்தைத் தம் மட்டையில் ஏந்தி எதிரிகளைக் கடந்து தனித்தோடி அவர் அடித்த கோலை அந்நாட்டார் இன்றும் பேசுகின்றனர். கார்க் ஏழு கோலும் ஐந்து புள்ளியும் பெற்றது. கில்கென்னி மூன்று கோலும் எட்டுப் புள்ளியும் பெற்றது. அது ரிங்கின் ஐந்தாவது பதக்கம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதன்பின் ஆறாவது பதக்கத்துக்கு ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1949 முதல் 1951 வரை டிப்பரரி மாவட்டம் மூன்று முறை பட்டம் வென்றது. மூன்று முறையும் கார்க் அதனிடம் தோற்றது. 1949இல் டிப்பரரியின் டாமி டாயில் என்பவர் நிழல்போல் தொடர்ந்து ரிங்கை அடக்கிவிட்டார். முப்பது வயதை எட்டிய வீரர் தம் பதக்கங்களை எண்ணி மகிழ்ந்து ஒதுங்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். ரிங் ஒதுங்கவில்லை. 1952இல் மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் கார்க் டிப்பரரியை வீழ்த்தியது. பின்னர் டப்ளினை வென்று பட்டத்தையும் பெற்றது. 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் ரிங்கின் தலைமையில் பட்டம் கிடைத்தது. மூன்று முறை வெற்றி அணிக்குத் தலைமை தாங்கிய முதல் வீரர் அவரே. 1954ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு வந்தோர் 84,856 பேர். ஹர்லிங் ஆட்டம் எதற்கும் அதற்குமுன்னும் பின்னும் அத்துணைக் கூட்டம் கூடியதில்லை. அன்று வெக்ஸ்போர்டு மாவட்டத்தை வென்று ரிங் தம் எட்டாவது பதக்கத்தைப் பெற்றார்.

புகழுரை மட்டுமே கூறுதல் முறையன்று. ரிங் கடுமையாக ஆடுபவர்; தோல்வியை எளிதிற் பொறுப்பவரல்லர். 1953ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கால்வே மாவட்டத்து வீரர் ஒருவர் அடிபட்டதைப் பற்றிய பூசல் ஆட்டம் முடிந்த பின்னும் ஓயவில்லை. அவரைப் போற்றியோர் மிகப் பலர். அவருக்கு அஞ்சியோரும் உண்டு. இதை நினைவிற்கொண்டால்தான் அடுத்து நடந்ததன் அருமை விளங்கும்.

1956ஆம் ஆண்டில் ரிங் ஒன்பதாவது பதக்கத்தை நாடினார். லிமெரிக்கோடு நடந்த மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் கார்க் தோற்றுவிடும் என்றிருந்த நிலையில், கடைசிச் சில நிமிடங்களில் மூன்று கோல்களை அவரே அடித்து வெற்றியைப் பறித்தார். அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் மீண்டும் வெக்ஸ்போர்டு எதிர்ப்பட்டது. அவ்வாண்டு கார்க் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியிருந்தமையால் ஆட்டம் செப்டம்பர் 23ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. வெக்ஸ்போர்டு சிறிதளவே முந்தியிருந்தது. ரிங் பந்தைக் கைக்கொண்டு கோலை நோக்கி விரைந்து, தம் வலிமையெல்லாம் கூட்டி அடித்தார். வெக்ஸ்போர்டின் கோல்காவலர் ஆர்ட் போலி, உருவிற் சிறியவர், அப்பந்தைத் தடுத்துவிட்டார். அந்நொடியில் ரிங் அவரிடம் சென்று கைகொடுத்துப் பாராட்டினார் என்று கண்டோர் கூறுவர். பந்து மறுமுனைக்குச் சென்றது. அங்கே வெக்ஸ்போர்டின் நிக்கி ராக்கர்டு கோல் அடித்தார். வெக்ஸ்போர்டு இரண்டு கோலும் பதினான்கு புள்ளியும், கார்க் இரண்டு கோலும் எட்டுப் புள்ளியும் என்று ஆட்டம் முடிந்தது.

முடிந்ததும் வெக்ஸ்போர்டின் நிக் ஓடானல், பாபி ராக்கர்டு என்னும் இருவர் தங்கள் வெற்றியை ஒருகணம் மறந்தனர். தோற்ற அணியின் ரிங்கைத் தூக்கித் தம் தோள்மீது ஏற்றி அரங்கினின்று சுமந்து சென்றனர். இவ்விருவருள் ஓடானல், இரண்டாண்டுகளுக்கு முன் ரிங்கோடு மோதியதில் காறை எலும்பு முறிந்து வெளியேறியவர். வென்றவர் தோற்றவரைச் சுமந்து செல்லும் காட்சியைப் போர்க்களத்திலும் நாம் காண்பதரிது. விளையாட்டுக் களத்திலும் அரிது. அதைப் பெறுதற்கு எட்டுப் பதக்கங்கள் மட்டும் போதா. எதிரியின் மதிப்பும் வேண்டும்.

ஒன்பதாவது பதக்கம் அவருக்குக் கிட்டவேயில்லை. ஆயினும் 1963 வரை அவர் கார்க்குக்கு ஆடினார். மாகாணங்களுக்கிடையே நடந்த ரயில்வே கோப்பைப் போட்டியில் மன்ஸ்டருக்காக 1942 முதல் 1963 வரை பதினெட்டுப் பதக்கங்கள் வென்றார். முப்பத்தெட்டு வயதில், 1959ஆம் ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரர் என்ற விருது பெற்றார். 1964ஆம் ஆண்டில் லூயிஸ் மார்கஸ் என்பவர் இயக்கிய ஆவணப்படம் ஒன்று அவருடைய ஆட்டத்திறனைப் பதிவு செய்தது. தம் கழகத்துக்கு மட்டும் 1967 வரை ஆடினார். அவர் காலத்தில் கிளென் ரோவர்ஸ் பதினான்கு முறை கார்க் மாவட்டப் பட்டத்தை வென்றது.

இத்துணை நெடிய ஆட்டத்துக்குக் காரணம் யாது? அவர் உயரமானவரல்லர், ஆனால் தோளும் மணிக்கட்டும் வலிமை மிக்கவை. வலிமையினும் பெரியது பழக்கம். பிறர் பார்க்க ஆடும் அறுபது நிமிடத்துக்காக, எவரும் பாராத எத்தனையோ மணி நேரம் மட்டையும் பந்துமாய்த் தனித்திருந்தார். ஊதியம் பெறும் வீரர் உழைக்காவிடில் ஊதியம் போகும் என்ற அச்சமுண்டு. ரிங்குக்கு அவ்வச்சமில்லை, அவரை எழுப்பிக் களத்துக்கு அனுப்பியது அவருடைய உள்ளமே. லாரியை நிறுத்திய பின்னரே மட்டையை எடுக்க முடிந்த ஒருவர் நாற்பது வயதைக் கடந்தும் முதல்தர ஆட்டம் ஆடினார் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

களத்தைவிட்டு அகன்ற பின்னும் அவர் ஆட்டத்தை விடவில்லை. 1976, 1977, 1978 ஆகிய மூன்றாண்டுகளில் கார்க் தொடர்ந்து பட்டம் வென்றபோது, அணியைத் தேர்ந்தெடுத்த குழுவில் அவரும் ஒருவர். 1979ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கார்க் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. பல்லாயிரவர் வழிநெடுக நின்று வழியனுப்ப, பிறந்த ஊராகிய குளோயினில் அடக்கம் நடைபெற்றது. இரங்கலுரை ஆற்றிய பிரதமர் வேறெவருமல்லர். நான்கு பதக்கங்களை அவரோடு தொடர்ந்து வென்ற பழைய தோழர் ஜாக் லிஞ்ச்தாம். ஒருவர் நாட்டின் தலைமையை அடைந்தார். மற்றவர் லாரி ஓட்டினார். அக்கல்லறையருகே அவ்வேறுபாடு தோன்றவில்லை.

களத்தில் ஆடி எட்டுப் பதக்கம் பெற்ற அவருடைய சாதனையை 1965இல் டிப்பரரியின் ஜான் டாயில் எட்டினார். 2012இல் கில்கென்னியின் ஹென்றி ஷெப்லின் கடந்தார். சாதனை எண்கள் கடக்கப்படுவதற்கே உரியவை. பெயரோ நிலைத்து நிற்கின்றது. கார்க் நகரில் லீ ஆற்றின்மேல் அவர் பெயரால் ஒரு பாலம் உண்டு. அவர் பெயரால் ஒரு விளையாட்டரங்கம் உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் கிறிஸ்டி ரிங் கோப்பை என்றொரு போட்டியும் நடைபெறுகின்றது. அது முதல்தர மாவட்டங்களுக்கு உரியதன்று. பெரும்பட்டத்தை வெல்லும் வாய்ப்பு இல்லாத, ஹர்லிங் இன்னும் வேரூன்றிவரும் மாவட்டங்களுக்கு உரியது. அங்கே ஆடும் இளைஞர்களும் பகலிற் கடையிலும் வயலிலும் வேலை செய்து, மாலையில் மட்டையோடு களத்துக்கு வருபவர்களே. அவர்கள் கையேந்தும் கோப்பைக்கு எண்ணெய் லாரி ஓட்டிய வீரரின் பெயரை வைத்தது மிகவும் பொருந்தும்.