‘கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்’

நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் அப்பாக்கள் பலர் ஆசிரியரிடம் சொல்வது இது: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்.” சொல்பவர் கொடுமைக்காரர் இல்லை. தான் படிக்காமல் போனதை நினைத்துச் சொல்கிறார். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது

பள்ளியில் பிள்ளைகளை உடலாலும் மனதாலும் வதைக்கக் கூடாது என்று தமிழ்நாடு கல்வி விதி 51 திருத்தப்பட்டது 2003-ல். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் அதையே சொல்கிறது. உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை அமல்படுத்துங்கள் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் பிரம்பை எடுக்க முடியாது.

வீட்டுக்குள் நிலைமை வேறு. பெற்றோர் அடிப்பதையும் ஸ்வீடன் 1979-லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் ‘அடியாத மாடு படியாது’தான்.

அடி விழும்போது உடம்பில்

பயத்தில் இதயம் படபடக்கிறது, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் நியாயம் எதுவும் காதில் ஏறாது. அடி நினைவிருக்கும், காரணம் நினைவிருக்காது. ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளிவந்த கட்டுரையில், அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாகவும், பெற்றோரிடம் ஒட்டுதல் குறைவாகவும் தெரிந்தது. ‘சும்மா ரெண்டு தட்டு’ என்கிறோமே, அதையும் சேர்த்துத்தான்.

“அப்பா வரட்டும், இரு”

நாமக்கல் லாரி ஊர். அப்பா லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பல நாள் ஆகும். அதுவரை அம்மாவுக்கு இருக்கும் ஓர் ஆயுதம், “அப்பா வரட்டும்.” வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய பிள்ளை, கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். இன்னொன்று, “ஹாஸ்டல்ல சேத்துருவேன்.” நாளைக்கு நிஜமாகவே விடுதியில் சேர்க்கும்போது, அதை அவன் தண்டனையாகத்தானே எடுத்துக்கொள்வான்?

எல்லை வேண்டும், பிரம்பு வேண்டாம்

அடிக்கக் கூடாது என்றால் அவிழ்த்து விடுவது என்று அர்த்தமில்லை. குமாரபாளையத்தில் தறி ஓடும் ஒரு வீடு. எட்டு வயதுப் பையன் கையில் போன். “இந்த வீடியோ முடிஞ்சதும் குடுத்துரணும் கண்ணு,” என்கிறாள் அம்மா, தறிச் சத்தத்தில் கத்தாமல், பக்கத்தில் போய் அவன் முகம் பார்த்து. முடிந்தது. தரவில்லை. வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறாள். அவன் உருண்டு அழுகிறான். அவள் திட்டவுமில்லை, போனைத் திருப்பித் தரவுமில்லை. அந்த இரண்டாவதுதான் கஷ்டம். ஆத்தாவோ அப்பத்தாவோ “பாவம், குடுத்துரு” என்று வந்து நிற்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தால்தான் எல்லை நிற்கும். விதிகள் நாலைந்து போதும். அவை அப்பாவுக்கும் பொருந்தட்டும். சாப்பிடும்போது போன் கூடாதென்றால், யாருக்கும் கூடாது.

கை ஓங்கிவிட்டீர்களா? “அப்பா அடிச்சது தப்பு சாமி” என்று சொல்லிவிடுங்கள். மரியாதை குறையாது. கோபம் அடிக்கடி கைமீறிப் போகிறதென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பேசுங்கள். எந்தக் குழந்தையாவது வதைபடுவது தெரிந்தால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.