உங்களுக்குத் தெரியுமா? காயில்ஓவரில் குமிழ் எதற்கு?

காரின் எடையை ஷாக் அப்சார்பர் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் ஒருமுறை நிமிர்ந்ததோடு ஓய்ந்துவிடாது, குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை அடக்கி வெப்பமாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. பிரிட்டனில் அதை 'டேம்பர்' என்பார்கள். செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் அதுதான். ஸ்பிரிங்கை ஷாக்கின் மேல் மாட்டி, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஷாக்கின் உடலில் மரை வெட்டி விற்பதே காயில்ஓவர்.

*

உயரத்தை மாற்றும் வளையம் வேறு, டேம்பிங்கை மாற்றும் குமிழ் வேறு. கடைகளில் இரண்டையும் 'அட்ஜஸ்டபிள்' என்றே சொல்வதால் வாங்குபவர் ஏமாறுகிறார். உயரம் ஏறக்குறைய எல்லாக் காயில்ஓவரிலும் மாறும். டேம்பிங் மாறுமா என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியின் கேடபிள்யூ நிறுவனம் இதை ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. வேரியன்ட் 1-இல் டேம்பிங் ஆலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. வேரியன்ட் 2-இல் ஸ்பிரிங் நிமிரும்போது வரும் தடையான ரீபவுண்டை மட்டும் மாற்றலாம். வேரியன்ட் 3-இல் ரீபவுண்டையும், அமுங்கும்போது வரும் தடையான கம்ப்ரெஷனையும் தனித்தனியாக மாற்றலாம். பில்ஸ்டீனில் பி14 மாறாதது, பி16 பத்துப் படிகளில் மாறுவது.

*

சக்கரம் மேடேறும்போது ஷாக் அமுங்குவது கம்ப்ரெஷன். ஸ்பிரிங் நிமிர்ந்து ஷாக்கை இழுப்பது ரீபவுண்ட். சாலைக் கார்களில் பொதுவாக ரீபவுண்டையே கூடுதலாக இறுக்கி வைப்பார்கள். ஸ்பிரிங் சேமித்த ஆற்றலை அந்தப் பக்கத்தில்தான் கட்டிப்போட வேண்டும். கம்ப்ரெஷனை இறுக்கினால் மேட்டின் அடி நேராக உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு வந்துவிடும்.

*

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டேம்பிங்கை மாற்றும் வசதி புதிதல்ல. 1932-ஆம் ஆண்டின் பேக்கார்ட் கார்களில் 'ரைடு கன்ட்ரோல்' இருந்தது. அதே பத்தாண்டில் பிரிட்டனில், உராய்வால் இயங்கும் ஷாக்குகளை ஓடும்போதே இறுக்க 'ஆண்ட்ரே டெலிகன்ட்ரோல்' கிடைத்தது. எலெக்ட்ரானிக் முறையை டொயோட்டா 1983-இல் சோரர் காரில் கொண்டுவந்தது. ஆக, குமிழைத் திருகும் ஆசைக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

*

இனி ஒரு கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். அந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். ஆட்டமே இல்லாமல் ஒரே மூச்சில் அடங்க வேண்டுமென்றால், ஒரு மீட்டர்/விநாடி வேகத்துக்கு 5000 நியூட்டன் தடை வேண்டும். அவ்வளவு தடை போட்டால் சாலையில் உட்காரவே முடியாது. அதில் 30 சதவீதம், அதாவது 1500, வசதியும் கட்டுப்பாடும் கலந்த இடம். இப்போது காரைத் தாழ்த்தும் ஆசையில் ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு மடங்கு விறைப்பாக மாற்றுகிறோம். தேவைப்படும் முழுத் தடை 7071 ஆகிவிடும். பழைய ஷாக்கின் 1500 அதில் 21 சதவீதம்தான். கார் விறைப்பாகவும் இருக்கும், குதிக்கவும் செய்யும். இரண்டு தொல்லைகளும் ஒன்றாக வந்து சேரும்.

பழைய நிலைக்குத் திரும்ப டேம்பிங்கைச் சுமார் 41 சதவீதம் கூட்ட வேண்டும். குமிழ் உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான்: ஸ்பிரிங்கை மாற்றுகிறவருக்கு. தந்த ஸ்பிரிங்கையே கடைசிவரை வைத்திருப்பவருக்கு, அதற்கென்றே அளவெடுத்த நிலையான டேம்பிங் போதும். ஆலைப் பொறியாளர் அந்த ஒரு ஸ்பிரிங்குக்காக வால்வை அமைத்திருக்கிறார். அந்த உழைப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

*

லோட்டஸ் எமிரா காரில் டேம்பிங்கை மாற்றும் பொத்தான் கிடையாது. 'டூர்', 'ஸ்போர்ட்' என்ற இரண்டு அமைப்புகளில் ஒன்றைக் கார் வாங்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பிரான்ஸின் ஆல்பீன் ஏ110 காரிலும் மாறாத டேம்பர்தான். அமுக்கத்தின் கடைசி எல்லையில் முட்டாமல் ஏந்திக்கொள்ள ஹைட்ராலிக் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சாலையில் ஓட்டும் சுகத்துக்காகவே பெயரெடுத்த கார்கள் இவை.

*

'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று ஷாக்கைப் பற்றிப் பேசுவது காரின் வேகத்தைக் குறிப்பதில்லை. ஷாக்கின் தண்டு உள்ளும் புறமும் போகும் வேகத்தைக் குறிப்பது. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வளைவில் கார் சாயும்போதும், பிரேக் பிடிக்கும்போது மூக்கு இறங்கும்போதும் தண்டு மெதுவாகத்தான் நகரும், விநாடிக்கு ஐந்து, பத்து சென்டிமீட்டர் அளவில். கூர்மையான பள்ள விளிம்பில் சக்கரம் மோதும்போது அதே தண்டு விநாடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டிப் பாயும். கார் இரண்டு தடவையும் மணிக்கு ஐம்பதில் போயிருக்கலாம்.

ஷாக்கின் உள்ளே பிஸ்டனில் எண்ணெய் போக இரண்டு வழிகள். ஒன்று, எப்போதும் திறந்திருக்கும் சிறு துளை. மற்றொன்று, அடுக்கடுக்காக வைத்த மெல்லிய எஃகு வட்டுகள். அழுத்தம் ஏறும்போது அவை வளைந்து வழிவிடும். மெதுவான அசைவை ஆளுவது சிறு துளை, வேகமான அடியை ஆளுவது வட்டுகள். பெரும்பாலான சாலைக் காயில்ஓவர்களில் குமிழ் திருகுவது அந்தச் சிறு துளைக்குள் இறங்கும் ஊசியைத்தான். வட்டுகளைத் தொட வேண்டுமென்றால் ஷாக்கைக் கழற்றிப் பிரிக்க வேண்டும்.

அப்படியானால், 'பள்ளத்தில் இடிக்கிறதா? குமிழை இரண்டு கிளிக் (படி) தளர்த்துங்கள்' என்ற அறிவுரை பெரும்பாலும் பலன் தராது. தளர்த்தினால் கார் வளைவில் கூடுதலாகச் சாயும், நெடுஞ்சாலை அலைகளில் மிதக்கும். பள்ளத்தின் இடி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அந்த இடியை மென்மையாக்குவது வட்டு அடுக்கை அமைத்தவரின் கையில் இருந்தது. அவர் அதை நன்றாகச் செய்திருந்தால் குமிழ் தேவைப்படாது. மோசமாகச் செய்திருந்தால் குமிழ் காப்பாற்றாது.

*

32 கிளிக் என்றால் 32 வெவ்வேறு டேம்பிங் என்று எண்ண வேண்டாம். ஊசி துளையை முழுவதும் அடைக்கப்போகும் கடைசிச் சில கிளிக்குகளில்தான் பெரிய மாற்றம் நடக்கும். முழுதாகத் திறந்த பக்கத்தில் பத்துக் கிளிக் திருகினாலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். விலை மலிந்த செட்டுகளில் இன்னொரு வருத்தமும் உண்டு. இடது ஷாக்கின் பத்தாவது கிளிக்கும் வலது ஷாக்கின் பத்தாவது கிளிக்கும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒற்றைக் குமிழ் உள்ள பலவற்றில் ரீபவுண்டைத் திருகினால் கம்ப்ரெஷனும் கூடவே மாறும்.

ஷாக்கை வெவ்வேறு வேகத்தில் அசைத்து அதன் விசையை வரைபடமாகத் தரும் இயந்திரம் உண்டு. 'ஷாக் டைனோ' என்பார்கள். விற்பவரிடம் கிளிக் எத்தனை என்று கேட்பதற்கு முன் டைனோ வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் தயங்காமல் காட்டுவார்.

*

நெதர்லாந்தின் கோனி 1857-இல் தொடங்கியபோது குதிரை வண்டிகளுக்கான சேணப் பொருள்கள் செய்தது. பின்னாளில் மாற்றத்தக்க ஷாக்குகளுக்குப் பெயர்பெற்றது. அதன் பழைய சிவப்பு ஷாக்கை மாற்றக் காரிலிருந்து கழற்றி, முழுதாக அமுக்கி, அடிவால்வில் பல் மாட்டும்வரை இறக்கித் திருக வேண்டும். வார இறுதிக்கு ஒருமுறை விளையாடும் வேலையில்லை அது. தேய்ந்த ஷாக்கின் தளர்ச்சியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈடுகட்டுவதற்கு மிகவும் உதவியது. குமிழின் அந்தப் பயனை இன்று யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிக நியாயமான பயனாகத் தோன்றுகிறது.

அதே கோனி, குமிழே இல்லாமல் அதிர்வின் வேகத்தைப் பொறுத்துத் தானாகவே இளகும் எஃப்எஸ்டி வால்வையும் செய்தது. ஸ்வீடனின் ஓலின்ஸை 1976-இல் மோட்டோகிராஸ் வீரரான கென்ட் ஓலின் தொடங்கினார். அந்நிறுவனத்தின் சாலைக் காயில்ஓவரில் குமிழ் உண்டு. ஆனால் கூர்மையான பள்ளத்தில் எண்ணெய்க்குக் கூடுதல் வழிவிடுவது 'டூயல் ஃப்ளோ' வால்வு. நல்ல மதிப்பைப் பெற்றுத் தருவது அந்த வால்வுதான்.

*

ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கார் தானாகவே தாழும். ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முடிவில் ரப்பர் தடுப்பின் மேல் கார் உட்கார்ந்துவிடும். ஓட்டுபவர் 'ரொம்ப ஸ்டிஃப்' என்பார். உண்மையில் ஸ்பிரிங் வேலை செய்யவே இடமில்லாமல் போயிருக்கும்.

நண்பர் ஒருவரின் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து இதை அனுபவித்திருக்கிறேன். நான்கு குமிழும் முழு இறுக்கத்தில் இருந்தன. பாதி தளர்த்திய பிறகு அதே தெருவில் கார் முதல் முறையாக மூச்சு விட்டது.

*

முன்பக்கமும் பின்பக்கமும் ஆடும் வேகம் பொருந்தவில்லை என்றால் குமிழால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி, எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் சோதனைக் காரைக் கட்டி இதை ஆராய்ந்தார். பின் ஸ்பிரிங் முன்னதைவிடச் சற்று விரைவாக ஆடினால், மேட்டைத் தாண்டிய கார் முன்பின் ஊஞ்சலாடாமல் சமமாக அடங்கும் என்று கண்டார். காயில்ஓவர் வாங்கும்போது முன், பின் ஸ்பிரிங் அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

*

எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்தால் டேம்பிங் போய்விடும். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியான் பூர்சியே த கார்போன், நடுவில் மிதக்கும் தடுப்பால் இரண்டையும் பிரித்து மோனோட்யூப் ஷாக்கை உருவாக்கினார். பில்ஸ்டீன் அதை 1950-களில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குப் பெருமளவில் செய்யத் தொடங்கியது.

*

காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஷாக் அமுங்கும் தூரத்தில் ஏறக்குறைய அவ்வளவு குறையும். சாலைக் காரில் அந்தத் தூரம் பொன்னுக்குச் சமம். அடிப்பிடிப்பையே மரையில் ஏற்றி இறக்கி உயரம் மாற்றும் வகைகளில் இந்த இழப்பு இராது. வளையத்தை மட்டும் இறக்கும் வகைகளில் இருக்கும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த உயரம் 10 சென்டிமீட்டர். தெருவில் நாம் சந்திப்பவை பலவும் அந்த விதியைப் படிக்காதவை. டேம்பிங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் உயரத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.

*

ஜெர்மனியில் காயில்ஓவர் மாட்டினால் அதற்கான சான்றிதழோடு பரிசோதனைக்குப் போக வேண்டும். எவ்வளவு தாழ்த்தலாம் என்ற எல்லை அதில் எழுதியிருக்கும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

*

குளிர்நாடுகளில் சாலையில் உப்பு தூவுவதால் குமிழ்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பல கார்களில் பின்பக்கக் குமிழைத் தொட டிக்கியின் உள்விரிப்பையே கழற்ற வேண்டும். வாங்கிய மாதத்தில் இரண்டு முறை திருகிவிட்டுப் பிறகு தொடாதவர்களை நிறையப் பார்க்கிறோம். அவர்கள் கொடுத்த கூடுதல் பணம் நல்ல டயருக்குப் போயிருக்கலாம்.

*

சனிக்கிழமை பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு திங்கட்கிழமை அதே காரில் அலுவலகம் போகிறவருக்கு, ஸ்பிரிங்கையோ டயரையோ மாற்றிப் பார்ப்பவருக்கு, குமிழ் தேவை. அவர்கள் கிளிக் எண்ணிக்கையைப் பார்க்காமல், ரீபவுண்டும் கம்ப்ரெஷனும் பிரிந்திருக்கிறதா, பழுதானால் பிரித்துச் சரிசெய்து தருவார்களா என்று பார்த்து வாங்கட்டும். மற்றவர்கள் அதே பணத்தில் ஒரு படி உயர்ந்த நிறுவனத்தின் மாறாத டேம்பிங்கை வாங்கலாம். என் தேர்வும் அதுதான்.

*

குமிழ் உள்ளதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எண்ணிக்கையைப் பொதுவாக முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஆனாலும் உங்கள் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டயர் காற்றை முதலில் சரிபாருங்கள். காற்று தவறாக இருந்தால் மற்ற எல்லாக் கணிப்பும் தவறும். நன்கு பழகிய ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் இரண்டிரண்டு கிளிக், பிறகு மறுபடி ஓட்டம், பிறகு பின்பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மேட்டைத் தாண்டிய பின் கார் ஒருமுறை எழுந்து அடங்கினால் நிறுத்திவிடுங்கள்.