உங்களுக்குத் தெரியுமா? பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைக்காது!

பைக்கின் பின் ஷாக்கில் உள்ள வளையத்தைத் திருகி, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவான பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை போன்றவை. திருகுவதால் மாறுவது வண்டி நிற்கும் உயரம்தான்.

ஏறி உட்காரும்போது அந்த உயரம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க ஒரு டேப் போதும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்காருங்கள், இன்னொருவர் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ‘ஸாக்’. ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்குச் சாலையில் பொதுவாக 30 முதல் 40 மி.மீ. வரை வைப்பார்கள், டிராக்கில் அதைவிடச் சற்றுக் குறைவு.

அமுங்கிய ஷாக் மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வழவழப்பான டிராக்குக்காக அதை இறுக்கிவிட்டு மேடுபள்ளச் சாலையில் ஓட்டினால், ஒரு குழியில் அமுங்கிய ஷாக் முழுதாக மீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். டயரின் பிடி குறையும். இது ஆபத்து.

எதையும் திருகும் முன் கம்பெனி அமைப்பு எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.