‘பரிசீலனையில் உள்ளது’ என்பது ஒரு பதிலல்ல

“உங்கட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு அம்மா. அடுத்த மாதம் வந்து பாருங்கோ.”

இந்த வார்த்தைகளைக் கேளாத குடும்பம் எமது கிராமங்களில் உண்டோ? நிவாரண அட்டைக்காக, காணிப் பத்திரத்துக்காக, வீட்டுத் தவணைக்காக என்று எத்தனை வாசற்படிகள் ஏறி இறங்கியிருக்கிறோம்! முன்னர் எமது கோவை மேசைக்கு மேசை நகர்ந்தது. அது அலுமாரிக்குள் முடங்கிக் கிடந்தால், “அந்தா கிடக்குது ஐயா” என்று கையை நீட்டியாவது காட்டலாம். இன்று கோவை கணனிக்குள் போய்விட்டது. அங்கே அது எந்த இடத்தில் நிற்கிறது, யார் கைக்காகக் காத்திருக்கிறது என்பது எமக்குத் தெரிவதில்லை. அதை அறிந்து வைத்திருப்பது எமக்கு நன்மை தரும்.

சில காலத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் கண்ட காட்சி இது. அது இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்குக் கிணறு திருத்த உதவும் திட்டம். ஒரு தாய் இரண்டு தவணைகளைப் பெற்று, கிணற்றை இறைத்துத் தூர் வாரி, கட்டும் கட்டி முடித்துவிட்டார். கடைசித் தவணை வந்தால்தான் சீமெந்துக் கடைக் கடனை அடைக்கலாம். கணனியைப் பார்த்த இளைஞர் சொன்னார்: “வேலையைப் பார்வையிட்டதாகப் பதிஞ்சிருக்கு அம்மா. ஆனா அனுமதி விழேல்ல.”

“யார் தம்பி அனுமதி போட வேணும்?”

விசாரித்தபோது, அனுமதி வழங்க வேண்டிய உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய் மாதங்கள் சில கடந்திருந்தன. அவருடைய பெயரிலேயே அந்த விண்ணப்பம் நின்றுகொண்டிருந்தது. எவரும் ‘இல்லை’ என்று மறுக்கவில்லை. ‘ஆம்’ என்று சொல்லவும் ஆளில்லை. திட்டம் முடிவதற்கோ மூன்று கிழமைகளே இருந்தன.

கணனிக்குள் நடப்பது என்ன?

திட்டங்களை நடத்துவதற்கென்றே இன்று பல மென்பொருட்கள் உள்ளன. அவுஸ்திரேலிய நிறுவனமொன்று 2002இல் வெளியிட்ட ‘ஜிரா’, 2006இல் வெளிவந்த, இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ‘ரெட்மைன்’ என்பன அவற்றுட் சில. பெயர்கள் வேறாயினும் முறை ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு வேலையும் ஒரு வரியாகப் பதியப்படும். அந்த வரி ‘தொடங்கியது’, ‘பரிசீலனையில்’, ‘முடிந்தது’ எனப் படிப்படியாக நகரும். பரிசீலனைப் படியைத் தாண்டுவதற்கு, குறித்த ஒருவர் அனுமதி அளிக்க வேண்டும் என்று விதி செய்து வைக்கலாம்.

எமது குளத்து வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். மடையைத் திறக்க வேண்டியவர் அதை மூடியபடியே ஊரைவிட்டுப் போனால், கீழ்வயல்காரருக்கு நீர் வராது. குளம் நிறைந்திருந்தும் பயிர் வாடும். கணனியில் தேங்கும் அனுமதியும் அவ்வாறானதே. பணம் இருக்கும், வேலையும் முடிந்திருக்கும், மடை மட்டும் திறவாது.

அனுமதிகள் தேங்குவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, மேலே கண்டதுபோல உரியவர் விலகிப் போவது. அவருடைய கணக்கை மூடினாலும், அவர் பெயரில் உள்ள வேலைகள் தாமாக வேறொருவருக்கு மாறிவிடுவதில்லை. இரண்டாவது, இருவர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் இட்டிருப்பது. மூன்றாவது, ஒரு பத்திரம் குறைவு என்று கணனியில் குறிப்பு எழுதிவிட்டு, அதைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் விடுவது. நான்காவது, காலம் கடப்பது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ‘பவர் ஓட்டோமேட்’ என்னும் மென்பொருளில் அனுமதிக் கோரிக்கைக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அந்த ஓட்டமே காலாவதியாகி நின்றுவிடும். விண்ணப்பித்தவரோ பதில் வரும் என்று காத்திருப்பார்.

தொண்டு நிறுவனங்கள் கள விபரம் சேர்க்கப் பயன்படுத்தும் ‘கோபோ’ என்னும் மென்பொருளில், ஒரு படிவத்துக்கு ‘ஏற்கப்பட்டது’, ‘ஏற்கப்படவில்லை’, ‘நிறுத்திவைப்பு’ என்ற மூன்று அடையாளங்களுள் ஒன்றை இடலாம். எந்த அடையாளமும் இன்றி அந்த இடம் வெறுமையாகவும் இருக்கலாம். ‘ஏற்கப்படவில்லை’ என்றால் காரணம் கேட்கலாம். வெறுமையாகக் கிடந்தால் யாரிடம் என்னத்தைக் கேட்பது?

முடிவுத் திகதி என்னும் ஆபத்து

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. அதற்குப் பின் செய்யும் செலவை நிதி வழங்குவோர் பொதுவாக ஏற்பதில்லை. செலவாகாத பணம் திரும்பிப் போகலாம். ஆகவே கடைசி மாதங்களில் தேங்கி நிற்கும் அனுமதி வெறும் அலுவலகத் தாமதம் அல்ல. அது ஒரு குடும்பத்தின் கூரை, ஒரு வயலின் நீர்.

தவணை முறையில் வீடு கட்டியோருக்கு இது நன்கு விளங்கும். 2012இல் வடக்கு, கிழக்கில் வீட்டுக்காரரே கட்டும் முறையில் ஆரம்பமான இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா ஒதுக்கப்பட்டது. வேலை முன்னேறுவதைப் பார்த்தே தவணைகள் விடப்பட்டன. இத்தகைய எந்தத் திட்டத்திலும், பார்வையிட்டவர் ஒப்பமிடும்வரை அடுத்த தவணை வராது. அதுவரை மேசனாருக்குக் கூலி கொடுப்பது யார்?

ஒழுங்காக முடித்து வைத்தல்

திட்டத்தை மூடுமுன் அலுவலர்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ‘பரிசீலனையில்’ நிற்கும் எல்லா வரிகளையும் ஒரே பட்டியலாக எடுக்க வேண்டும். மிகப் பழையதை முதலில் பார்க்க வேண்டும. விலகிப் போனவரின் வேலையை இன்னொருவருக்கு மாற்றி, ஏன் மாற்றப்பட்டது என்றும் பதிய வேண்டும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘மீளப்பெறப்பட்டது’ என ஒரு முடிவு கொடுத்து, காரணத்தையும் எழுத வேண்டும். முடிவை உரிய குடும்பத்துக்குத் தெரிவித்த பின்னரே அந்த வரி மூடப்பட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிந்து ஒரே அழுத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று முடித்துவிடுவோரும் உளர். அது முடித்து வைத்தல் ஆகாது. எவரும் பாராத சுவர் நாளை வெடித்தால், அதன் கீழ் படுப்பது எமது பிள்ளைகளே.

நாம் செய்யக்கூடியவை

விண்ணப்பம் கொடுத்தால் அதன் இலக்கத்தையும் கொடுத்த திகதியையும் குறித்து வையுங்கள். பத்திரங்களின் பிரதிகளை வீட்டில் வைத்திருங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இப்போது அது யாருடைய பெயரில் நிற்கிறது? எது குறைவாக உள்ளது? திட்டம் எப்போது முடிகிறது? தனியே போகத் தயங்குவோர் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஊடாகப் போகலாம். ஒரே காரணத்தால் பத்துக் குடும்பங்களின் விண்ணப்பங்கள் தேங்கியிருப்பது அப்போதுதான் வெளிவரும்.

பதில் கிடையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பிரதேச செயலகம் போன்ற அரச அலுவலகங்களில் உள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். அரசாங்கத்திடமோ வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச அமைப்புகளிடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பில் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே.

அந்தத் தாயின் கதைக்கு வருவோம். அவர் கேட்ட கேள்வியால் திட்ட முகாமையாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மாற்றலாகிப் போனவரின் பெயரில் வேறு குடும்பங்களின் விண்ணப்பங்களும் நின்றன. அவற்றை வேறொரு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தார். அவர் கிணறு கிணறாகப் போய் அளந்தார். தாயின் தவணை வந்தது. இன்னொரு குடும்பத்துக்கு ‘இல்லை’ என்றே பதில் வந்தது: கட்டின் உயரம் போதாது. அவர்கள் ஒரு கிழமைக்குள் கட்டை உயர்த்தி, மீண்டும் காட்டி, பணத்தைப் பெற்றனர்.

‘இல்லை’ என்ற பதிலுக்குக்கூட அடுத்த வேலை ஒன்று உண்டு. மௌனத்துக்கு அது இல்லை. ஆகவே பதிலைக் கேட்டு வாங்குவோம்.