புது டயர் முன்னுக்கா, பின்னுக்கா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தபோதும், விலையைக் கேட்டுவிட்டு "இருக்கிற காரே போதும்" என்று இருந்துவிட்டவர்கள் நம்மில் பலர். பழைய காரை ஓட்டுவது குற்றமில்லை. ஆனால் நான்கு டயர்களையும் ஒரே தடவையில் வாங்கக் கையில் காசு இல்லாதபோது, இரண்டை மட்டும் வாங்குகிறோம். அப்போது எழும் கேள்விதான் தலைப்பில் உள்ளது.

அண்மையில் ஹட்டனில் ஒரு டயர் கடையில் நின்றபோது, ஒரு வியாபாரி தன் வேகன்ஆர் காருக்கு இரண்டு புது டயர் வாங்கினார். "நானா, ரெண்டையும் முன்னுக்கே போடுங்க. ஸ்டியரிங்கும் இஞ்சினும் அங்கதானே இருக்கு" என்றார். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள்.

அவர் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன் சில்லுகளே இழுக்கின்றன. திருப்புவதும் அவைதான். பிரேக் பிடிக்கும்போது பெரும் பாரத்தைத் தாங்குவதும் அவைதான். அதனால் முன் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன. ஆனால் எது சீக்கிரம் தேய்கிறது என்பது ஒரு கேள்வி. எது வழுக்கினால் உயிருக்கு ஆபத்து என்பது வேறொரு கேள்வி.

ஈரமான வளைவில் முன் டயர் பிடியை இழந்தால், கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாகப் போகும். ஸ்டியரிங் இலேசாவது சாரதியின் கையில் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேகம் குறையும், பாரம் முன்னுக்கு வரும், பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும்.

பின் டயர் பிடியை இழந்தால் கதை வேறு. காரின் பின்பக்கம் விலகி, வண்டி தன்னைத்தானே சுற்றப் பார்க்கும். பயத்தில் காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ பாரம் இன்னும் முன்னுக்குப் போய், பின்பக்கம் மேலும் இலேசாகிச் சுழற்சி கூடும். அந்த ஒரு விநாடிக்குள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் அளவாகத் திருப்பி மீட்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். இதனால்தான் மிச்சலின் போன்ற டயர் உற்பத்தியாளர்கள், எந்தச் சில்லு இழுக்கும் காராக இருந்தாலும், இரண்டு டயர் வாங்கினால் புதியதைப் பின்னுக்குப் போடச் சொல்கிறார்கள்.

எமது மலையகத்தில் இது இரட்டிப்பு முக்கியம். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் போய் வருபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகவோ நானுஓயா வழியாகவோ இறங்கும்போது பாதையே சரிவாக இருப்பதால், காரின் பாரம் ஏற்கனவே முன்னுக்குச் சாய்ந்திருக்கும். பின் டயர்கள் இலேசாக நிற்கும். அங்கே தேய்ந்த டயர் இருந்தால், தண்ணீரை வெளியேற்ற அதில் தவாளிப்பு இருக்காது. ஏபிஎஸ் பிரேக் சில்லு இறுகி நிற்பதைத் தடுக்குமே தவிர, டயரில் இல்லாத பிடியைக் கொண்டுவந்து தராது.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். "பின்னுக்குப் போட்டால் காசு வீண்தானே" என்று கேட்கலாம். வீணாகாது. புது இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். பின்னால் இருந்த, பாதி தேய்ந்த நல்ல இரண்டையும் முன்னுக்கு மாற்றுங்கள். முன்னால் தேய்ந்து முடிந்தவற்றைக் கழித்துவிடுங்கள். அடுத்த தடவையும் இதே முறைதான். ஒவ்வொரு டயரும் முதற்காலத்தைப் பின்னாலும் மீதிக்காலத்தை முன்னாலும் உழைக்கும். மேலதிகச் செலவு, இரண்டு சில்லுகளை இடம் மாற்றும் கூலி மட்டுமே. மாறாக, புதியதை எப்போதும் முன்னுக்கே போட்டு வந்தால், பின் டயர்கள் ஆண்டுக்கணக்கில் தேயாமலே இறுகி வெடித்துப் பழுதாகும். அதுதான் உண்மையான நட்டம்.

ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. முன்னுக்கு மாற்றும் டயர் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும். புது கார் டயரில் தவாளிப்பின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் கடைசி எல்லை 1.6 மில்லிமீற்றர். எமது மழைக்கு 3 மில்லிமீற்றர் வந்ததும் மாற்றுவதே புத்தி. மொட்டை டயருக்கு முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதால், கம்பனிப் புத்தகம் சொல்வதையே கேளுங்கள். நான்கையும் ஒன்றாக வாங்க வசதியுள்ளவர்கள், ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி ஓட்டினால் எல்லாம் சமமாகத் தேயும்.

சரக்கு ஏற்றும் 'டிமோ பட்டா' வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. அதைப் பின் சில்லுகளே தள்ளுகின்றன, பாரமும் பின்னால்தான் ஏறுகிறது. அங்கே பின் டயரே முதலில் தேயும், புதியதும் பின்னுக்கே போகும்.

வாங்கும்போது டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024 ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பல வருடம் கடையில் கிடந்த டயரைப் புதுவிலைக்கு வாங்காதீர்கள்.

டயர் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் "முன்னுக்கு" என்றால் உடனே ஜாக்கை வைக்காமல், இரண்டு நிமிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். அந்தக் காரின் பின் ஆசனத்தில் இருப்பது அவருடைய பிள்ளைகள். இடம் மாற்றும் கூலியை அவர் சந்தோஷமாகத் தருவார். அடுத்த இரண்டு டயருக்கும் உங்களிடமே வருவார்.