பழைய திறந்த காரை மதிப்பிடுவது எப்படி?

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் முறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கும் கார் வியாபாரத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. என் வாழ்நாளில் நான் சொந்தமாக வைத்திருந்தவை இரண்டு மிதிவண்டிகளும் ஒரு ஸ்கூட்டருமே. ஆயினும் 2023ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு நகரில் வாழும் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, இந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

என் மருமகனுக்கு நெடுநாளாக ஓர் ஆசை. துணிக் கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிட்டுக் காற்று முகத்தில் மோத ஓட்டிச் செல்லும் 'எம்.ஜி.பி.' என்னும் இருவர் காரை வாங்க வேண்டும் என்பதே அது. அதற்காக மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தார். என் மகள் என்னைத் தனியே அழைத்து, "அப்பா, நீங்களும் கூடப் போய் வாருங்கள். சிவப்பு வண்டியைக் கண்டால் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படாது. அந்தப் பணம் வீணானால் இந்த வீட்டின் ஒழுகலை அடைக்கக்கூட வேறு கையிருப்பு இல்லை" என்றாள். மாமனார் மருமகனுக்கு அறிவுரை கூறுவது எத்துணைச் சங்கடமான காரியம் என்பதை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்வார்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஆபிங்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 1962 முதல் 1980 வரை இவ்வண்டி அங்கே உருவாயிற்று. கூரை மூடிய வகையையும் சேர்த்து 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. இத்துணைப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதனால் இதற்கு உதிரிப் பாகம் கிடைக்காதோ என்ற கவலை இல்லை. முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் மீண்டும் செய்து விற்றிருக்கிறார்கள். வண்டியின் முன்மூடியைத் திறந்து இயந்திரத்தைக் கண்டதும் எனக்கு ஏதோ பழகிய முகத்தைக் கண்டது போல் இருந்தது. காரணம் பிறகு விளங்கிற்று. நம் நாட்டு அம்பாசிடர் கார் நெடுங்காலம் சுமந்து திரிந்த 1489 கன சென்டிமீட்டர் இயந்திரமும், இந்த 1798 கன சென்டிமீட்டர் இயந்திரமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்!

பழைய கார் என்றதும் பலரும் இயந்திரத்தைத்தான் முதலில் ஆராய்வார்கள். திறந்த காரில் அது பிழை. இயந்திரம் கெட்டால் கழற்றிச் செப்பனிடலாம். உடற்கூடு கெட்டால் வண்டியே கெட்டது. இதற்குக் காரணம் உண்டு. இதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டியில் அடியில் தனியே ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. உடல் அதன்மேல் ஏற்றப்பட்டிருந்தது. எம்.ஜி.பி.யில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடலே எலும்புமாகும், தோலுமாகும்.

வீட்டிலே ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை ஒட்டிவிட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள், எளிதில் வளையாது. மூடியை அகற்றிவிட்டு முறுக்கினால் உடனே நெளியும். கூரையுள்ள கார் மூடியுள்ள பெட்டி. திறந்த கார் மூடியற்ற பெட்டி. கூரை தர வேண்டிய வலிமையையெல்லாம் அடிப்பகுதியே தர வேண்டும். கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் நீளவாட்டில் ஓடும் உள்ளீடற்ற இரும்புப் பெட்டிகள்தாம் அந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. நான் அவற்றை வாசற்படி என்று அழைத்தேன். மருமகனும் அவ்வாறே அழைக்கத் தொடங்கிவிட்டார். குளிர்காலத்தில் பனியைக் கரைக்க அந்நாட்டுச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீர் படிகளின் உள்ளே புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே துரு தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

நாங்கள் முதலில் பார்த்தது 1972ஆம் ஆண்டு வண்டி. செக்கச் சிவந்த நிறம். பளபளக்கும் முலாம் பூசிய முன்தடுப்பு. நானே ஒரு கணம் மயங்கிப் போனேன், மறைப்பானேன்? மருமகன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேவிட்டார். "மாப்பிள்ளை, சற்றுப் பொறுங்கள். ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன்" என்றேன்.

கதவுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். இவ்வண்டியில் கீழே ஒரு விரல் நுழைந்தது. மேலே நகம்கூட நுழையவில்லை. நடுமுதுகு தாழ்ந்த மாட்டைப் போல வண்டி நடுவே தொய்ந்திருந்தது என்பதே அதன் பொருள். அடுத்து, கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றைப் படியின்மேல் வைத்து நகர்த்தினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அதே குதிரைலாட வடிவக் காந்தமன்று. பேத்தியின் பொம்மைப் பெட்டியிலிருந்து எடுத்தது. முன்பக்கம் ஒட்டிற்று. நடுவே சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. அங்கே இரும்பில்லை, பட்டி வைத்து மெழுகி, மேலே வண்ணம் அடித்திருந்தார்கள். பிறகு விற்பவரின் இசைவோடு ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினோம். திறந்திருந்த கதவைச் சாத்த முயன்றால், பூட்டுக்கு வராமல் இடித்து நின்றது. இந்த ஒரு சோதனை போதும். இதில் தவறிய திறந்த காரை மேலே ஆராய வேண்டியதில்லை.

மற்றொன்றும் கண்டேன். பிரிட்டனில் ஆண்டுதோறும் ஊர்திகளைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை உண்டு. ஆனால் 2018 மே முதல், 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத ஊர்திகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். ஆகவே பழைய வண்டி ஓடத்தக்கதா என்று பார்க்கும் அரசாங்கக் கண் அகன்றுவிட்டது; வாங்குபவன் கண்தான் மிச்சம். எனினும் முன்னைய சோதனைகளின் முடிவுகளை வண்டியின் எண்ணைக் கொண்டு இணையத்தில் எவரும் காணலாம். மருமகன் கைப்பேசியில் பார்த்தார். 2017இல் சோதித்தவர், படிகளில் துரு இருப்பதாகக் குறித்திருந்தார். அதற்குப் பின் சோதனையே இல்லை. புதுச் சிவப்பு வண்ணம்தான் இருந்தது. மருமகன் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினார். திரும்பும் வழியெல்லாம் அவர் மௌனம் கலையவில்லை, நானும் கலைக்கவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டாவது வண்டி. 1976ஆம் ஆண்டினது, வெளிறிய பச்சை, முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர்த் தடுப்புகள். அமெரிக்க நாட்டு விதிகளுக்கு இணங்க 1974 இறுதியில் இத்தடுப்புகளைப் பொருத்தி வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அதனால் வளைவுகளில் வண்டி சற்றுச் சாய்வது உண்மை. அழகு குறைந்தது என்பாரும் பலர். ஆகையால் விலையும் குறைவு. எனக்கென்னவோ அந்த ரப்பர் மூக்கு அவ்வளவு விகாரமாகத் தோன்றவில்லை.

காந்தம் படி முழுவதும் ஒட்டிற்று. ஜாக்கியில் தூக்கிய பின்னும் கதவு இயல்பாகச் சாத்திற்று. துணிக் கூரை கிழிந்து மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. தரைவிரிப்பைத் தூக்கி, திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தேன். மேல்துருதான்; தகடு 'ணங்' என்றது. அழுகிய தகடு அப்படி ஒலிக்காது.

முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. இது முக்கியம். முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்த இயந்திரம், கிளம்புவதில் உள்ள தொல்லையையும் முதற்புகையையும் மறைத்துவிடும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் வெண்ணெய் போன்ற படிவு இல்லை. இருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்குமோ என ஐயுற வேண்டும். கிளப்பியபோது சிறிது நீலப்புகை வந்து அடங்கிற்று. சூடேறி ஓடுகையில் எண்ணெய் அழுத்தம் 50 பவுண்டுக்குக் கீழே இறங்கவில்லை. பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, கம்பிச் சக்கரத்தை நான் முன்னும் பின்னும் அசைத்தேன். 'டக்' என்ற ஓசை கேட்டது. சக்கரமும் அச்சும் கவ்வும் பற்கள் தேய்ந்துவிட்டன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அங்கே பொது விற்பனையிலிருந்து விலகிற்று. அதற்கேற்ற கடின வால்வு இருக்கைகள் பொருத்தப்பட்டனவா என்று கேட்டோம். விற்பவர் ஒரு கந்தல் கோப்பிலிருந்து பழைய ரசீதை எடுத்து நீட்டினார். அந்தக் கோப்பில் முப்பது ஆண்டு ரசீதுகள் இருந்தன. அதைப் புரட்டியபோதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

வீட்டுக்கு வந்து தாளில் இரு பத்தி போட்டுக் குறைகளை எழுதினோம்: கூரைத் துணி, நான்கு சக்கரம், அச்சுமுனைகள், எண்ணெய்க் கசிவு. ஒவ்வொன்றுக்கும் கடைகளில் விலை கேட்டு, கூட்டி, எதிர்பாராச் செலவுக்கென்று மேலும் பாதி சேர்த்தோம். அத்தொகையை, இதே போன்ற நல்ல வண்டியின் விலையிலிருந்து கழித்தபோது வந்ததே நாங்கள் கொடுக்கத்தக்க விலை. விற்பவர் கேட்டதைவிட அது சற்றுக் குறைவு. இரண்டு நாள் யோசித்து அவர் ஒப்புக்கொண்டார். ஒழுகலை அடைப்பதற்கான பணத்தை மகள் முதல் வேலையாகத் தனியே எடுத்து வைத்தாள்.

நான் ஊர் திரும்பும் நாள்வரை புதுக் கூரைத் துணி வந்து சேரவில்லை. விமான நிலையத்துக்கு அவ்வண்டியிலேயே அழைத்துச் செல்வதாக மருமகன் சொன்னார். வானம் மூட்டமாக இருந்தது. நான் பேருந்திலேயே போனேன்.